இயல் பிரித்த ஆய்வேட்டுக்குப் பக்க எண் இடுவது எப்படி?

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் தட்டச்சுக் கடைக்கு ஒரே கேள்வி பல வேடத்தில் வரும். “அக்கா, ஒவ்வொரு இயலும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.” “அக்கா, பொருளடக்கத்துக்கு மட்டும் ரோமன் எண் போட்டேன், கடைசிப் பக்கம் வரை ரோமனாகிவிட்டது.” “முகப்புத் தாளில் இருந்த எண்ணை அழித்தேன், எல்லாத் தாளிலும் போய்விட்டது.” கடை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையருகே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில். இதே மாவட்டத்துச் சித்தூரில் தமிழ் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள். பொள்ளாச்சியிலும் கோவையிலும் படிக்கிறவர்கள் எல்லை தாண்டி வருவார்கள். மாநிலம் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான்.

பக்க எண் என்பது தாளில் எழுதுகிற ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நானும் அப்படி நினைத்தவள்தான். கடை தொடங்கிய புதிதில் வந்த முதல் ஆய்வேட்டுக்கு ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் எண்ணைக் கையாலேயே தட்டிவைத்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அந்த மாணவியின் நெறியாளர் இரண்டாம் இயலில் இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் 31 என்ற எண் அடுத்த பக்கத்தின் நடுவில், ஒரு மேற்கோளுக்கும் அதன் விளக்கத்துக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் வந்த அத்தனை எண்களும் அதேபோல் நகர்ந்திருந்தன. அன்று இரவு மின்சாரமும் போய்ப் போய் வந்தது. விடிய விடிய எண் அழித்தேன்.

எண்ணைப் பக்கத்தில் எழுதக்கூடாது. மென்பொருளிடம் எண்ணச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்கி, எந்த வடிவில் எண்ண வேண்டும் என்பதை ஆவணத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். எனவே வரிசை இதுதான்: முதலில் பிரிக்க வேண்டும், அடுத்து இணைப்பை அறுக்க வேண்டும், அதன் பிறகே எண் போட வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்றாவதை முதலில் செய்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் மைக்ரோசாஃப்ட் வேர்டில் பார்ப்போம். கேரளப் பள்ளிகளில் படித்தவர்கள் லிப்ரே ஆபீசில் பழகியிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பிரிப்பது

ஒரு வழக்கமான ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். முகப்புத் தாள், சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம். அதன் பிறகு முன்னுரை, நான்கு இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு. எண் விஷயத்தில் இது மூன்று துண்டு: எண்ணே தெரியக் கூடாத முகப்பு, சிறிய ரோமன் எண் வேண்டிய முன்பக்கங்கள், 1, 2, 3 என்று ஓடும் மீதி முழுதும்.

பிரிப்பதற்கு முன் ஆவணத்தின் மறைகுறிகளைக் கண்ணுக்குத் தெரிய வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹோம்’ தாவலில் பத்திக்குறி வரைந்த பொத்தான் ஒன்று இருக்கும். அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். திரை முழுக்கப் புள்ளிகளும் குறிகளும் வரும். பயப்பட வேண்டாம், அச்சில் வராது. இதைச் செய்யாமல் வேலை பார்ப்பது இருட்டில் ஊசி கோப்பது போல.

இனி முகப்புத் தாளின் கடைசி எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து, ‘லேஅவுட்’ தாவலில் ‘பிரேக்ஸ்’ என்பதைத் திறங்கள். பழைய பதிப்புகளில் தாவலின் பெயர் ‘பேஜ் லேஅவுட்’. உள்ளே இரண்டு குடும்பம் இருக்கும். மேலே இருப்பது ‘பேஜ் பிரேக்ஸ்’, கீழே இருப்பது ‘செக்‌ஷன் பிரேக்ஸ்’. நமக்கு வேண்டியது கீழே இருக்கும் ‘நெக்ஸ்ட் பேஜ்’. மேலே இருக்கும் ‘பேஜ்’ என்பதை அழுத்தினாலும் எழுத்து அடுத்த தாளுக்குத்தான் போகும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பிரிவு உண்டாகியிருக்காது. மறைகுறிகளைத் தெரியவைக்கச் சொன்னது இதற்காகத்தான். சரியாகச் செய்திருந்தால் இரட்டைக் கோட்டுக்கு நடுவே ‘செக்‌ஷன் பிரேக்’ என்று எழுதியிருக்கும்.

பொருளடக்கத்தின் முடிவிலும் இதையே செய்யுங்கள். முன்பு என்டர் விசையைப் பத்து முறை தட்டி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால் அந்த வெற்றுப் பத்திகளை இப்போதே அழித்துவிடுங்கள்.

திரையின் அடியிலுள்ள பட்டையில் வலச்சொடுக்கு செய்து ‘செக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்துகொண்டால், சுட்டி எந்தப் பிரிவில் நிற்கிறது என்று அங்கேயே தெரியும். நான் இது இல்லாமல் வேலை செய்வதே இல்லை.

ஒவ்வொரு இயலையும் தனிப் பிரிவாக்க வேண்டுமா? எண்ணுக்காக என்றால் வேண்டாம். சாதாரணப் பக்க முறிவே போதும். ஆனால் ஒவ்வொரு இயலின் முடிவிலும் சான்றெண் விளக்கம் வர வேண்டும், அதுவும் இயல்தோறும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் துறைகள் உண்டு. அப்போது ஒவ்வொரு இயலையும் தனிப் பிரிவாக்கினால், ‘ரெஃபரன்சஸ்’ தாவலில் ‘ஃபுட்நோட்ஸ்’ குழுவின் மூலையிலுள்ள சிறு அம்பை அழுத்தித் திறக்கும் பெட்டியில், எண்ட்நோட் ‘எண்ட் ஆஃப் செக்‌ஷன்’ என்றும் எண் ‘ரீஸ்டார்ட் ஈச் செக்‌ஷன்’ என்றும் வைத்துவிடலாம். சான்றெண்களைக் கையால் எண்ணிக்கொண்டிருக்கும் கொடுமை அதோடு தீரும்.

இணைப்பை அறுப்பது

முகப்புத் தாளில் எண்ணை அழித்தால் எல்லாத் தாளிலும் போய்விடுவது இந்த இடத்தைத் தாண்டிக் குதித்தால்தான்.

வேலந்தாவளம் சோதனைச் சாவடியை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் சரக்கு லாரிகள் வணிகவரிச் சோதனைக்காக வரிசைகட்டி நிற்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சோதனை போய்விட்டது. எல்லை அதே இடத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கச் சரக்கு நிற்காமல் இந்தப் பக்கம் வந்தது. வேர்டில் நீங்கள் இப்போது போட்ட பிரிவும் அப்படித்தான். எல்லை போட்டாயிற்று. ஆனால் பக்கத்தின் அடிப்பகுதியில், அதாவது ஃபுட்டரில், ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்ற தடுப்புக் கம்பி தூக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பிரிவில் இருப்பதெல்லாம் இரண்டாவதற்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்பியை இறக்கும் வழி இது. சான்றிதழ்ப் பக்கத்தின் அடியில், எழுத்து முடிந்து வெற்றிடம் தொடங்கும் இடத்தில் இருமுறை சொடுக்குங்கள். அடிப்பகுதி திறக்கும். இடப் பக்கம் ‘ஃபுட்டர் செக்‌ஷன் 2’ என்றும் வலப் பக்கம் ‘சேம் ஆஸ் ப்ரீவியஸ்’ என்றும் சிறு அட்டைகள் தெரியும். மேலே வந்திருக்கும் தாவலில் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ பொத்தான் நிறம் ஏறி இருக்கும். அதை ஒருமுறை அழுத்தினால் நிறம் போகும், வலப் பக்க அட்டையும் மறையும். மூன்றாம் பிரிவின் முதல் பக்கத்துக்குப் போய் அதையே செய்யுங்கள்.

தலைப்பகுதிக்கு, அதாவது ஹெடருக்கு, இணைப்பு தனி. எண்ணைப் பக்கத்தின் மேலே போடுகிறவர்கள் அங்கேயும் போய் அறுக்க வேண்டும். ‘டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’, ‘டிஃபரென்ட் ஆட் அண்ட் ஈவன் பேஜஸ்’ ஆகியவற்றைத் தேர்ந்திருந்தால் முதல் பக்கம், ஒற்றைப் பக்கம், இரட்டைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்பு. ஒன்றை மறந்தாலும் அது வழியாகக் கசியும்.

எண் போடுவது

இப்போது மூன்றாவது வேலை, இது ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரண்டாம் பிரிவின் அடிப்பகுதியில் நின்றுகொண்டு ‘இன்செர்ட்’ தாவலில் ‘பேஜ் நம்பர்’ திறந்து, ‘பாட்டம் ஆஃப் பேஜ்’ என்பதில் நடுவில் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எண் வந்ததும் அதே ‘பேஜ் நம்பர்’ பட்டியலில் ‘ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்’ என்பதைத் திறங்கள். சிறு பெட்டி ஒன்று வரும். மேலே எண்ணின் வடிவம். சிறிய ரோமனைத் தேர்ந்தெடுங்கள். கீழே இரண்டு வழிகள்: ‘கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்’ என்றால் முந்தைய பிரிவிலிருந்து தொடரும், ‘ஸ்டார்ட் அட்’ என்றால் நீங்கள் சொல்லும் எண்ணிலிருந்து தொடங்கும்.

முகப்பையும் ஒரு பக்கமாகக் கணக்கில் சேர்த்து, எண்ணை மட்டும் காட்டாமல் விடுவது பரவலான வழக்கம். அப்படியானால் தொடர விடுங்கள். சான்றிதழ் ரோமன் இரண்டாக வரும். முகப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றால் ‘ஸ்டார்ட் அட்’ தேர்ந்து ஒன்று கொடுங்கள். இதில் உங்கள் துறையின் விதி எதுவோ அதுவே சரி. நெறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பைண்டிங் முடிந்த பிறகு கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்னுரை தொடங்கும் மூன்றாம் பிரிவிலும் அடிப்பகுதிக்குப் போய் எண் போட்டு, வடிவம் 1, 2, 3 என்றும் ‘ஸ்டார்ட் அட்’ 1 என்றும் கொடுங்கள். இயல்களைத் தனிப் பிரிவுகளாக்கியிருந்தால் அவற்றில் எல்லாம் ‘கன்டின்யூ’ இருக்க வேண்டும். “ஒவ்வொரு இயலும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது” என்ற புலம்பலின் காரணம், ஒவ்வொன்றிலும் ‘ஸ்டார்ட் அட்’ 1 நிற்பதுதான்.

அதே பெட்டியில் ‘இன்க்ளூட் சாப்டர் நம்பர்’ என்று ஒரு கட்டம் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தேர்ந்தால் மூன்றாம் இயலின் பன்னிரண்டாம் பக்கம் 3-12 என்று வரும். அதற்கு இயல் தலைப்புகள் ‘ஹெடிங் 1’ பாணியில் இருக்க வேண்டும். அந்தப் பாணிக்குப் பல்நிலைப் பட்டியல் வழியாகத் தானியங்கி எண்ணும் கொடுத்திருக்க வேண்டும். இயந்திரக் கையேடுகளுக்கு அந்த முறை பொருந்தும். ஓர் இயலை மட்டும் மாற்றி அச்சிட்டால் மற்றவற்றின் எண் கெடாது. தமிழ் ஆய்வேட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. துணைநூற்பட்டியலுக்கு இயல் எண் ஏது?

பழைய எழுத்துருவின் குறும்பு

இதை வேறு எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருமுறை ஓர் ஆய்வேட்டின் முன்பக்கங்களில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஐகாரக் கொம்பு மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு கொம்பு. நான்காம் பக்கத்தில் ஒரு கொம்பும் ஓர் ‘எ’யும். பத்தாம் பக்கத்தில் ‘ஒ’. மாணவர் வைரஸ் என்றே முடிவு செய்துவிட்டார்.

வைரஸ் இல்லை, பாமினி. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய இத்தகைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. ரோமன் எண்களோ ஆங்கில எழுத்துகளால் ஆனவை. ஆவணத்தின் அடிப்படை எழுத்துரு பாமினியாக இருந்தால் அடிப்பகுதியில் வரும் ரோமன் எண்ணையும் அது தமிழாக்கிவிடும். 1, 2, 3 ஒழுங்காகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. தீர்வு எளிது: அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமன் போன்ற ஏதேனும் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். இதைவிட நல்ல தீர்வு, முழு ஆய்வேட்டையும் ஒருங்குறியில் தட்டுவது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து மூத்த தட்டச்சாளர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

லிப்ரே ஆபீசில்

எங்கள் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்த பிள்ளைகளும் மற்ற கேரளப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே கட்டற்ற மென்பொருளில் பழகியவர்கள். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் கணினிகளில் லிப்ரே ஆபீஸ்தான் இருக்கும். அவர்கள் வேர்டில் வந்து தடுமாறுவதற்கு அறிவுக்குறைவு காரணமில்லை. இரண்டும் வேறு வேறு முறை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எண்ணைக் கட்டுப்படுத்துவது ‘பேஜ் ஸ்டைல்’, அதாவது பக்கப் பாணி. அங்கேயும் ‘செக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. அதற்கும் பக்க எண்ணுக்கும் சம்பந்தமில்லை, அதைத் தொடாதீர்கள்.

முகப்புக்கு ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ பாணி. முன்பக்கங்களுக்குப் புதிதாக ஒரு பாணி உண்டாக்கி ‘முன்பக்கம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதன் ‘பேஜ்’ தாவலில் எண் வடிவத்தைச் சிறிய ரோமனாக்கி, ‘ஃபுட்டர்’ தாவலில் அடிப்பகுதியை இயக்குங்கள். மீதிக்கு வழக்கமான ‘டிஃபால்ட்’ பாணி. அதற்கும் அடிப்பகுதியை இயக்க வேண்டும். இரண்டின் அடிப்பகுதியிலும் ‘இன்செர்ட்’, ‘ஃபீல்ட்’, ‘பேஜ் நம்பர்’ வழியாக எண்ணை வையுங்கள். பிறகு முகப்பின் முடிவில் நின்று ‘இன்செர்ட்’ பட்டியலில் ‘மேனுவல் பிரேக்’ தேடி (புதிய பதிப்புகளில் ‘மோர் பிரேக்ஸ்’ என்பதற்குள் இருக்கும்), ‘பேஜ் பிரேக்’ தேர்ந்து, அடுத்த பாணியாக ‘முன்பக்கம்’ என்பதைக் கொடுங்கள். பொருளடக்கத்தின் முடிவிலும் அதுவே. அங்கே ‘டிஃபால்ட்’ பாணியைத் தேர்ந்து, ‘சேஞ்ச் பேஜ் நம்பர்’ கட்டத்தையும் தேர்ந்து 1 கொடுங்கள். அறுக்க வேண்டிய இணைப்பு எதுவும் கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

இரண்டு பொறிகள் மட்டும் உண்டு. எண்ணின் மீது இருமுறை சொடுக்கினால் ‘ஆஃப்செட்’ என்ற கட்டம் வரும். அதில் கழித்தல் கூட்டல் போட்டு எண்ணைத் திருத்தலாம் என்று தோன்றும். அது வேறு பக்கத்தின் எண்ணைக் காட்டுவதற்கானது; அப்படி ஒரு பக்கம் இல்லாதபோது எண்ணே மறைந்துவிடும். இன்னொன்று, ரைட்டர் ஒற்றை எண்ணை எப்போதும் வலப் பக்கத்திலேயே வைக்கும். முன்பக்கங்கள் ஒற்றை எண்ணில் முடிந்து அடுத்தது மறுபடி 1 என்று வந்தால், இடையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானே செருகிக்கொள்ளும். இருபுறம் அச்சிட்டால் அது நல்லது. ஒருபுறம் மட்டும் அச்சிடுகிறவர்கள், அச்சு அமைப்பிலும் பி.டி.எஃப். ஏற்றுமதியிலும் தானாகச் செருகிய வெற்றுப் பக்கங்களைச் சேர்க்கும் கட்டத்தை நீக்கிவிட வேண்டும்.

ரைட்டரில் தட்டி, எல்லை தாண்டிப் போய் வேர்டில் திறந்து அச்சிடுகிறவர்கள் கோப்பை அப்படியே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். வரிகள் நீளும், பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தில் 47 என்று இருப்பது 49-இல் கிடக்கும். பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள்.

அச்சுக்கு முன்

வேர்டில் ஒரு பிரிவு முறிவை அழித்தால் அதற்கு முன்னால் இருக்கும் பிரிவு, பின்னால் இருக்கும் பிரிவின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு பிரிவின் குணம் அதன் முடிவிலுள்ள முறிவில்தான் சேமிக்கப்படுகிறது. பொருளடக்கத்தின் கீழ் வெற்று வரி என்று நினைத்து அதை அழித்துவிட்டு, ரோமன் எண்ணெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுவார்கள். உடனே கவனித்தால் கன்ட்ரோல், இசட் காப்பாற்றும்.

பொருளடக்கத்தைத் தானியங்கியாக உண்டாக்கியிருந்தால் அதன் மீது வலச்சொடுக்கு செய்து ‘அப்டேட் ஃபீல்ட்’ கொடுங்கள். எண்கள் மட்டும் மாறியிருந்தால் ‘அப்டேட் பேஜ் நம்பர்ஸ் ஒன்லி’ போதும். தலைப்பையும் திருத்தியிருந்தால் முழு அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டும். கடைசித் திருத்தத்துக்குப் பின் இதைச் செய்ய மறப்பவர்கள்தான் அதிகம்.

நெறியாளர் நான்கு பக்கத்தில் திருத்தம் சொல்லி, அவற்றை மட்டும் மறுபடி அச்சிட வேண்டி வரும். அச்சுப் பெட்டியில் வெறுமனே 5 என்று கொடுத்தால் எந்த 5 என்று வேர்டுக்குத் தெரியாது, முன்பக்கங்களிலும் ஓர் ஐந்து இருக்கிறதே. பக்கத்தையும் பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பேஜைக் குறிக்கும் ‘பி’, பக்க எண், செக்‌ஷனைக் குறிக்கும் ‘எஸ்’, பிரிவு எண். மூன்றாம் பிரிவின் ஐந்தாம் பக்கம் என்றால் இடைவெளி விடாமல் பி5எஸ்3, ஆங்கில எழுத்துகளில். ஐந்திலிருந்து எட்டு வரை என்றால் பி5எஸ்3, ஒரு சிறு கோடு, பி8எஸ்3. ஒரு மாணவர் இது தெரியாமல் நான்கு பக்கத்துக்காக முழு ஆய்வேட்டையும் மறுபடி அச்சிட்டு எடுத்துப் போனார். மிச்சமான தாள்களின் பின்பக்கத்தில்தான் இப்போது கடைக்கணக்கு எழுதுகிறேன்.